மீசைக்காரரின் நாலாவது நகல்

துப்பாக்கிக் கடைக்காரர் அந்தத் தாளைக் கண்ணாடி மேஜை மேல் வைத்துவிட்டு, தொட்டால் சுட்டுவிடும் என்பதுபோல விரலை இழுத்துக்கொண்டார்.

"இதான் மேடம். நேத்து கூரியர்ல வந்துச்சு."

வாலு முதலில் குனிந்து பார்த்தான். அண்ணி எப்போதும் அவனைத்தான் முதலில் பார்க்க விடுவாள். தப்பான முடிவுகளையெல்லாம் அவன் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டால், மிச்சமிருப்பதை நிதானமாகப் பார்க்கலாம் என்பது அவளுடைய தொழில்முறை.

அண்ணி என்றால் சொந்த அண்ணிதான். வாலுவின் அண்ணன் கப்பலில் இயந்திரம் பார்க்கிறவன். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். அவன் இல்லாத நேரத்தில் போரடிக்காமல் இருக்க அவள் ஆரம்பித்ததுதான் இந்தத் துப்பறியும் நிறுவனம். வேறெங்கும் வேலை நிலைக்காத கொழுந்தனுக்கு அதில் உதவியாளர், ஓட்டுநர், டீ வாங்கி வருபவர் என்று மூன்று பதவிகள் கிடைத்தன. அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

"துப்பாக்கி லைசென்ஸோட ஜெராக்ஸ்," என்றான் வாலு. "பேரு மீசைக்காரரோட பேரு. விலாசமும் அவரோடது. ஆனா போட்டோவுல முகமே இல்லையே அண்ணி. கறுப்பா மை கொட்டின மாதிரி இருக்கு. என் காலேஜ் அடையாள அட்டையே தேவலை. அதுல காதாவது தெரியும்."

"இதோட என்ன வந்துச்சு?" என்று கடைக்காரரிடம் கேட்டாள் அண்ணி.

"டைப் அடிச்ச ஒரு சீட்டு. 'ஒரு பெட்டி தோட்டா அனுப்பவும்.' அவ்வளவுதான். அனுப்பினவர் இடத்துலயும் அவர் பேருதான். தோட்டா என்ன பிஸ்கட்டா மேடம், பார்சல் கட்டி அனுப்ப? ஆளும் நேர்ல வரணும், அசல் லைசென்ஸும் வரணும். வெறும் நகல் வந்தா நாங்க உடனே லைசென்ஸ் ஆபீசுக்குச் சொல்லிடணும். சொல்லிட்டேன்."

அவர் சொன்னதன் விளைவு காலையிலேயே அண்ணியின் அலுவலகத்துக்கு வந்து அழாத குறையாக உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தது. மீசைக்காரர் நகைக்கடை வாசலில் இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி. மாலை நாலு மணிக்குள் லைசென்ஸ் அதிகாரி முன்னால் போய், அந்த நகல் யார் கைக்கு எப்படிப் போனது என்று விளக்கம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் லைசென்ஸும் போகும், துப்பாக்கியும் போகும். துப்பாக்கி இல்லாத காவலாளி தன் வாசலுக்குத் தேவையில்லை என்று நகைக்கடை முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். "அந்த வாசல்ல நிக்கறப்பதான் மேடம் நான் ஒரு ஆளு," என்று மீசைக்காரர் சொன்னபோது வாலுவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அண்ணி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பழைய தாள். ஓரமெல்லாம் மஞ்சள். மேலே நடுவில் ஒரு சின்னத் துளை, அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம்.

"தம்பி, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கோ."

"அந்த ஓட்டையையுமா?"

"அதை நல்லா கிட்டப் போய் எடு."

*

நகைக்கடை வாசலில் மீசைக்காரர் கதவைத் திறந்து சல்யூட் அடித்தார். வாடிக்கையாளர் இல்லை என்று தெரிந்ததும் சல்யூட்டைப் பாதியில் இறக்கிக்கொண்டார். மீசை மட்டும் இறங்கவில்லை. அது இரண்டு பக்கமும் மேல்நோக்கி நின்றது. அவர் கேட்பாரில்லாமலேயே துப்பாக்கியின் எடை, நீளம், எட்டுத் தோட்டா கொள்ளும் விவரம் எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லி முடித்த பிறகுதான் அண்ணியால் வாயைத் திறக்க முடிந்தது.

"மொத்தம் எத்தனை நகல் எடுத்தீங்க?"

"நாலு மேடம். ஒரு தடவை பஸ்ல பர்ஸைத் தொலைச்சேன். அதுலேர்ந்து ஒரு பயம். ஒண்ணு முதலாளி மேஜையில, ஒண்ணு என் ஸ்கூட்டர் டிக்கியில, ஒண்ணு மச்சினி வீட்டுல, ஒண்ணு எங்க சமையலறையில. தீ பிடிச்சாலும் வெள்ளம் வந்தாலும் ஒண்ணாவது தப்பிக்கும்ல?"

"சமையலறைக்கு எதுக்கு?" என்றான் வாலு. "குழம்பு சுட வர்ற திருடனைப் பிடிக்கவா?"

"வீட்டுல திருடன் கை வைக்காத இடம் அதுதான் தம்பி."

முதலாளி மேஜையிலிருந்த நகலையும் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்த நகலையும் அண்ணி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதலாவதில் மீசைக்காரர் முழுசாக இருந்தார். இரண்டாவதில் கண் இரண்டும் இருட்டில் போய், மூக்கும் மீசையும் மட்டும் தப்பியிருந்தன.

"இது ஏன் இப்படி?"

மீசைக்காரர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "அசலை ஒரே ஒரு தடவைதான் மெஷின்ல படுக்க வச்சேன். அந்த வெளிச்சம் பட்டா மை வெளுத்துப் போயிடும். அதனால முதல் நகலை வச்சு ரெண்டாவது எடுத்தேன். ரெண்டாவதை வச்சு மூணாவது. மூணாவதை வச்சு நாலாவது. அசல் பத்திரமா இருக்கு."

"வெளுத்துப் போகும்னு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஜன்னல் துணி வெயில்ல வெளுக்கலையா?"

வாலு சிரிப்பை மென்று விழுங்கினான். அண்ணி சிரிக்கவில்லை; அவள் முகம் பளிச்சென்று ஆகியிருந்தது.

"அப்ப ஒவ்வொரு நகலுக்கும் உங்க முகம் கொஞ்சம் கொஞ்சமா கறுத்துட்டே வரும். மூணாவதுல?"

"மீசை மட்டும்."

"நாலாவதுல?"

"அதுவும் தெரியாது. கறுப்பா ஒரு வட்டம். ஆனா நம்பர் நல்லா தெரியும் மேடம்."

கடைக்கு வந்த தாளில் இருந்ததும் கறுப்பு வட்டம்தான். வாலு விரலைச் சொடுக்கினான்.

"முடிஞ்சுது. சமையலறைத் தாளை யாரோ உருவிட்டாங்க."

"நாலும் அதது இடத்துல இருக்கு தம்பி. ஞாயித்துக்கிழமை தவறாம நாலையும் போய்ப் பார்த்துட்டு வருவேன். போன வாரமும் பார்த்தேன்."

"மச்சினி வீட்டுக்குமா?"

"அங்க டீயும் குடுப்பாங்க."

ஒரு குடும்பம் கார் கதவைச் சாத்திவிட்டு வாசலை நோக்கி வந்தது. மீசைக்காரர் சட்டென்று நிமிர்ந்து கதவைத் திறந்தார். அதில் வந்த சின்னப் பெண் அவரைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தாள். அவர் அதைவிடப் பெரிய சல்யூட்டாகத் திருப்பி வைத்தார்.

*

மீசைக்காரரின் வீடு கடைக்குப் பின்னால் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அவருடைய மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நகலைப் பார்க்க வேண்டும் என்றதும், மடித்த சட்டையை இன்னொரு தடவை மடித்தாள்.

"வாங்க. காலண்டருக்குப் பின்னாடி இருக்கு."

சமையலறைச் சுவரில் காலண்டரைத் தூக்கினால், அதே ஆணியில் அதற்கடியில் தாள் தொங்கியது. கறுப்பு வட்டம், பெயர், நம்பர் எல்லாம் இருந்தது. அண்ணி அதைக் கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நல்லா வச்சிருக்கீங்க," என்றான் வாலு. "எங்க வீட்டு அடுப்பங்கரையில எது மாட்டினாலும் ஒரே மாசத்துல எண்ணெய் குடிச்சிடும். இல்ல அண்ணி?"

"நீ சமைச்சா அப்படித்தான்," என்றாள் அண்ணி. தாளைத் திரும்ப மாட்டிவிட்டு, ஆணியைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தாள்.

மீசைக்காரரின் மனைவி கதவருகில் நின்றபடி கேட்டாள். "நாலு மணிக்கு விளக்கம் சொல்லலைன்னா லைசென்ஸ் போயிடுமா?"

"போயிடும்," என்றாள் அண்ணி.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

அவள் தலையாட்டிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். பாவம், எப்படி இடிந்துபோயிருக்கிறாள் என்று வாலு நினைத்துக்கொண்டான்.

தெருவுக்கு வந்ததும் அவன் மண்டையைச் சொறிந்தான். "நாலும் இருக்கு. அப்ப கடைக்கு வந்தது அஞ்சாவது. ஆனா கறுப்பு நாலாவது கறுப்பு. நாலாவதை வச்சு நகல் எடுத்திருந்தா இன்னும் கறுப்பா, நம்பரே தெரியாம இருக்கும். அப்படின்னா..."

"சொல்லு, சொல்லு. நல்லா வருது."

"மூணாவதை வச்சு எடுத்திருக்காங்க. மச்சினி வீடு."

"பரவாயில்லையே," என்றாள் அண்ணி. "உங்க அண்ணனுக்கு போன் பண்ணினா சொல்றேன்."

அவள் இவ்வளவு சுலபமாகப் பாராட்டியதே வாலுவுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் வந்த பாராட்டை விடுவானேன் என்று வண்டியைக் கிளப்பினான்.

*

மச்சினி தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவும் வாயில் குண்டூசியுமாகக் கதவைத் திறந்தாள். மூன்றாவது நகல் துணி அலமாரியில் பத்திரமாக இருந்தது. கறுத்த முகத்தில் மீசை மட்டும் தனியாகத் தெரிந்தது.

"மாமா வாரா வாரம் வந்து இதை எடுத்துப் பார்ப்பார்," என்றாள் அவள் குண்டூசியை எடுத்துவிட்டு. "பேரன் பேத்தியைப் பார்க்கற மாதிரி பார்ப்பார்."

வாலு குரலைக் கனமாக்கிக்கொண்டான். "இதை வச்சு யாரோ ஒரு நகல் எடுத்திருக்காங்க. யார் கையிலயாவது குடுத்தீங்களா?"

"யாருக்குக் குடுப்பேன்? அக்காதான் போன வாரம் வந்து வாங்கிட்டுப் போனா. சாயங்காலமே திருப்பிக் குடுத்துட்டா. மாமா இன்னொண்ணு எடுத்து வைக்கச் சொன்னாராம்."

வெளியே வந்ததும் வாலு கொதித்தான். "பார்த்தீங்களா அண்ணி. மீசைக்காரரே ஆள் விட்டு எடுத்திருக்கார். நம்ம காதுல பூ சுத்தறார். தானே அனுப்பிட்டு, தானே வந்து நம்மகிட்ட அழுதிருக்கார்."

"எதுக்கு?"

வாலு வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தான்.

"போட்டோவை எடு. அந்த ஓட்டையைப் பாரு."

போனில் பெரிதாக்கிப் பார்த்தான். துளையைச் சுற்றியிருந்த பழுப்பு வளையம் திட்டுத் திட்டாக இருந்தது.

"துரு," என்றான்.

"ரொம்ப நாளா ஆணியில தொங்கின தாள். சமையல் ஆவி பட்டுப் பட்டு ஆணி துருப்பிடிச்சு, அந்தத் துரு தாள்ல இறங்கியிருக்கு. நாலு நகல்ல ஆணியில தொங்கறது எது?"

"சமையலறைது. ஆனா அது அங்கேயே..."

"அங்க தொங்கறது வெள்ளை வெளேர்னு இருக்கு. நீயே பாராட்டினியே. ஆணியில துரு இருக்கு, கட்டைவிரல்ல ஒட்டிச்சு. தாள்ல துரு இல்லை. மாட்டி ஒரு வாரம்தான் ஆகியிருக்கும்."

வாலு பேந்தப் பேந்த விழித்தான். பிறகு மெல்லப் புரிந்தது. பழைய நாலாவதுதான் கடைக்குப் போனது. கவரை அனுப்பிய பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை சோதனை நினைவுக்கு வந்திருக்க வேண்டும்; அப்போது அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. அதற்காகத் தங்கையிடம் மூன்றாவதை வாங்கி, அதே கறுப்பில் புதிதாக ஒன்று எடுத்து மாட்டியிருக்கிறாள். முகத்தின் கறுப்பு வரை சரியாகப் பார்த்திருக்கிறாள்.

"மீசைக்காரர் மனைவியா?" என்றான். "அவங்களுக்குத் தோட்டா எதுக்கு?"

"தோட்டா வேணும்னு யார் சொன்னா? தோட்டா கூரியர்ல வராதுன்னு மீசைக்காரர் வீட்டுல சோறு தின்னுக்கிட்டே ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அந்தக் கவரை அனுப்பினது கடைக்காரர் லைசென்ஸ் ஆபீசுக்கு போன் பண்ணணும்னுதான்."

*

மீசைக்காரரின் மனைவி கதவைத் திறந்ததும் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். மறுக்கவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி சொன்னாளா?"

"ஆணி சொல்லிச்சு," என்றாள் அண்ணி.

அவள் மடித்து வைத்திருந்த சட்டை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"போன மாசம் பக்கத்து போன் கடையில ரெண்டு பேர் ஒரு போனைப் பறிச்சுட்டு ஓடினாங்க. இவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. இவர் துப்பாக்கியை எடுத்துக்கிட்டு ரெண்டு தெரு துரத்தியிருக்கார். இந்த வயசுல. சட்டை கிழிஞ்சு, முட்டியில ரத்தத்தோட வந்தார். ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். துப்பாக்கி இருக்கறப்ப என்ன பயம்னார். நீங்களே சொல்லுங்க, திருட வர்றவன் முதல்ல யாரைச் சுடுவான்? துப்பாக்கி வச்சிருக்கறவரைத்தானே? கையில ஒண்ணுமில்லாம நின்னா தள்ளிவிட்டுட்டுப் போயிடுவான். இவர் இதுவரைக்கும் ஒரு காக்காயைக்கூட சுட்டதில்லை. எதிர்ல வர்றவனுக்கு அது தெரியுமா?"

வாலு ஒரு கிண்டலைத் தயாராக வைத்திருந்தான். அதை எடுக்க மனம் வரவில்லை. அவனுக்கு இந்த அம்மாளைப் பிடித்துப்போய்விட்டது.

"லைசென்ஸ் போனா வேலை போயிடும்னு தெரியும். வேற ஏதாவது பார்த்துக்கலாம்னு நினைச்சேன். இப்படி அழுவார்னு நினைக்கல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னை என்ன செய்வாங்க?"

"ஒரு தப்பு நடந்திருக்குன்னு கேள்வி கேப்பாங்க. எழுதி வாங்குவாங்க. கேஸ் ஆனாலும் ஆகலாம்," என்றாள் அண்ணி. "நான் அவர்கிட்ட வேலை ஒத்துக்கிட்டிருக்கேன். கண்டுபிடிச்சதை மறைக்க முடியாது. ஆனா முதல்ல நான் சொல்லணும்னு அவசியமில்லை. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

மீசைக்காரரின் மனைவி எழுந்து செருப்பைத் தேடினாள்.

நகைக்கடைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் அண்ணியும் வாலுவும் நின்றுகொண்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை, பார்க்க மட்டும்தான் முடிந்தது. வாசலில் மீசைக்காரரின் மனைவி பேசினாள். அவர் கேட்டார். நடுவில் வாடிக்கையாளர் வந்தார். மீசைக்காரர் கதவைத் திறந்தார், சல்யூட் அடித்தார், மூடினார். அவள் விட்ட இடத்திலிருந்து பேசினாள். மறுபடி ஒருவர் வெளியே வந்தார்; மறுபடி கதவு, சல்யூட். அதற்குப் பிறகு இருவரும் கதவுக்கு ஒரு பக்கம் ஒருவராகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"திட்டவே இல்லையே அண்ணி," என்றான் வாலு.

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

*

லைசென்ஸ் அதிகாரியின் அறை மாடியில் இருந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு துருத் துளையுள்ள தாளைப் பார்த்தார். பிறகு மீசைக்காரரைப் பார்த்தார். முகத்தை ஒப்பிட முயன்று கைவிட்டவர்போல இருந்தார்.

"இதை அனுப்பினது யாரு?"

"நான்தான் சார்," என்றார் மீசைக்காரர்.

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அதிகாரி அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க விசாரிச்சீங்களாமே. என்ன தெரிஞ்சுது?"

அண்ணி பொய் சொல்ல மாட்டாள். அது வாலுவுக்குத் தெரியும்.

"வீட்டுக்குள்ளேர்ந்துதான் போயிருக்கு சார். வெளி ஆள் கை யாரோடதும் படல."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "இத்தனை வருஷமா துப்பாக்கி வச்சிருக்கறவர் தபால்ல தோட்டா கேப்பாரா? நம்பற மாதிரி இல்லையே. யாரையாவது காப்பாத்தறீங்களா?"

"இல்ல சார். மறதி. வயசாகுது."

"அப்படியா?" அதிகாரி மேஜை மேல் வைத்திருந்த துப்பாக்கியைச் சுட்டிக்காட்டினார். "உங்க துப்பாக்கிதானே? இதுல ஒரே சமயத்துல எத்தனை தோட்டா போடலாம்?"

காலையில் கேட்பாரில்லாமலேயே அதைச் சொன்ன மனிதர் வாயைத் திறந்தார். மீசை ஒருமுறை துடித்தது. அந்த வாசலும், கதவும், சல்யூட்டும், அதற்குத் திருப்பிச் சல்யூட் வைத்த சின்னப் பெண்ணும் அந்த ஒரு பதிலில்தான் இருந்தன. அதிகாரியைத் தவிர அறையிலிருந்த நாலு பேருக்கும் அது தெரியும்.

"தெரியலை சார்."

அதிகாரி அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

"இது தெரியாதவர் கையில இதைக் குடுத்து வாசல்ல நிக்க வைக்க முடியாது. லைசென்ஸ் ரத்து. விஷயம் இதோட முடிஞ்சுது. அசலைக் குடுங்க."

யார் கையிலும் கொடுக்காத அசலை மீசைக்காரர் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார். இடுப்பு வாரையும் அவிழ்த்து, சுருட்டி, துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அண்ணியும் வாலுவும் கொஞ்சம் பின்தங்கியே படி இறங்கினார்கள். முன்னால் போன மீசைக்காரரின் மனைவி பாதிப் படியில் நின்றாள்.

"எட்டுன்னு எனக்கே தெரியும்," என்றாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றார் அவர். "பார்த்து இறங்கு. படி உசரமா இருக்கு."